வாயனசாலையில் தமிழ் நூல்கள்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்காவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். எங்கள் ஊர் வாயனசாலையில் (கேரளத்தில் ஊர் நூலகத்தை அப்படித்தான் சொல்வார்கள்) ஏறக்குறைய எல்லாமே மலையாள நூல்கள். தமிழ் நூல்கள் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில் பழையனவாகக் கிடக்கின்றன. தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும், எழுபது வயதைக் கடந்து வெளியே நடக்க இயலாத என் தாயாருக்கும் நூல்கள் வேண்டும். இதற்காக யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? பொள்ளாச்சி நூலகத்தில் சேர்ந்துகொள்வதா, அல்லது நாங்களே தனியாகத் தமிழ் நூலகம் ஒன்றைத் தொடங்கிவிடுவதா?

பதில்: மனு எழுதுவதற்கு முன்னால் உங்கள் வாயனசாலையில் நீங்கள் உறுப்பினராக இருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே சேருங்கள். வீட்டில் பதினெட்டு வயது நிறைந்த எல்லோரையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நூலகம் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் அமைப்பு வேறு. தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் ஆகிய அனைத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இயங்குகின்றன. நூல்களை வாங்குவதும் பணியாளரை அமர்த்துவதும் அரசு அமைப்பின் வேலை என்பதால், குறை இருந்தால் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுவது சரியான வழி. கேரளத்தின் ஊர் வாயனசாலை அப்படியன்று. அது ஊரார் கூடி நடத்தும் சங்கம். உறுப்பினர்கள் பொதுயோகத்தில், அதாவது அனைவரும் கூடும் பொதுக்கூட்டத்தில், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த நூலை வாங்குவது என்று முடிவு செய்வது அந்தக் குழுவும் அதன் செயலாளரும்தான். கேரள மாநில லைப்ரரி கவுன்சில் அவற்றுக்கு இணைப்புத் தந்து, தாலூக்கா, மாவட்டக் கவுன்சில்கள் வழியாகத் தரம் பார்த்து மானியம் வழங்குகிறது. ஆகவே திருவனந்தபுரத்துக்கு நீங்கள் அனுப்பும் மனு சுற்றிச் சுற்றி உங்கள் ஊர்ச் செயலாளரின் மேசைக்கே வந்து சேரும். அதற்குப் பதிலாக அந்த மேசைக்கு எதிரே உறுப்பினராக உட்காருவது குறுகிய வழி.

இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்தது. பாலக்காடு அப்போது மலபார் மாவட்டத்தில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. ஆனால் உங்கள் சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. தெற்கே திருவிதாங்கூரில் பி. என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி, பின்னாளில் கேரள கிரந்தசாலா (நூலக) சங்கமாக வளர்ந்த இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். இரண்டு முறைகளையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது 1989-ஆம் ஆண்டின் கேரளப் பொது நூலகச் சட்டம். பணத்தின் ஊற்றும் இரு மாநிலங்களிலும் வரிதான்: தமிழ்நாட்டில் சொத்து வரியோடு 10 விழுக்காடும், கேரளத்தில் 5 விழுக்காடும் நூலக வரியாகச் சேர்கின்றன. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்த வாயனசாலைக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி, உறுப்பினரான பிறகு செய்ய வேண்டியது. மானியத்தின் ஒரு பகுதி நூல் வாங்குவதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. மாவட்டக் கவுன்சில் நடத்தும் புத்தகத் திருவிழாவில் ஊர் நூலகங்கள் கூட்டமாகச் சென்று வாங்குவது வழக்கம். அங்கே பெரும்பாலும் மலையாளப் பதிப்பகங்களின் கடைகளே இருப்பதால், மனம் இருக்கும் செயலாளர்கூடத் தமிழ் நூல் இல்லாமல் திரும்பிவிடுகிறார். எனவே திருவிழாவுக்கு முன்பே, வேண்டிய நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை ஆகியவற்றை எழுதிய பட்டியலைக் குழுவிடம் கொடுத்து, ஒதுக்கீட்டில் இன்ன பங்கு தமிழுக்கு என்று கூட்டக் குறிப்பேட்டில் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். வாய்ப்பேச்சாகக் கிடைத்த சம்மதம் அடுத்த செயலாளர் வரும்போது மறைந்துவிடும், தீர்மானம் மறையாது. தமிழ்ப் பதிப்பகங்களுக்கும் திருவிழாவில் கடை ஒதுக்க வேண்டும் என்று தாலூக்காக் கவுன்சில் வழியாகக் கேட்கலாம். எல்லைப்புற வாயனசாலைகள் நான்கைந்து சேர்ந்து கேட்டால் அந்தக் குரலுக்குக் கனம் கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, யார் எந்த நூலை எடுத்தார் என்று எழுதும் வழங்கல் பதிவேடு. எல்லைப்புறத்து வாயனசாலை ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். அங்கே தமிழ் நூல்கள் கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கச் சுற்றிவந்தன. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குத் தந்துகொண்டார்கள். ஒன்றுகூடப் பதிவேட்டில் ஏறவில்லை. ஆண்டு முடிவில் குழு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, தமிழ் நூல்களை எடுப்பாரில்லை என்று உண்மையாகவே நம்பி, அந்த ஆண்டு ஒரு தமிழ் நூலும் வாங்கவில்லை. அந்தக் குழுவில் யாருக்கும் தமிழ் மீது வெறுப்பில்லை. அவர்கள் கண்ட சான்று அப்படி இருந்தது. ஆகவே மெல்லிய நூலே ஆனாலும், எடுக்கும்போதும் திருப்பும்போதும் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். நூலகத்தைத் தரம் பார்க்க வருவோரும் உறுப்பினர் எண்ணிக்கையையும் நூல் வழங்கலையும் பார்ப்பார்கள் என்பதால், உங்கள் தமிழ் வாசிப்பு வாயனசாலையின் தரத்துக்கும் மானியத்துக்குமே துணை செய்யும். இதைச் செயலாளரிடம் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையில் அவருக்கும் ஆதாயம் உண்டு என்பது புரியும்.

நன்கொடையாக வரும் நூல்களில் சற்றுக் கவனம் தேவை. கோவையிலும் பொள்ளாச்சியிலும் உள்ள உறவினர்கள் வீட்டைக் காலி செய்யும்போது கட்டுக்கட்டாகத் தருவார்கள்; அவற்றில் பழைய வார இதழ்களும் காலாவதியான தேர்வு வழிகாட்டிகளுமே மிகுதியாக இருக்கும். கீழ்த்தட்டில் பழைய நூல்கள் கிடப்பதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. பத்து நல்ல நூல்களை மட்டும் பெற்று, முத்திரையிட்டு, ஸ்டாக் (இருப்பு) பதிவேட்டில் எண் கொடுத்து, கண் உயரத்தில் அடுக்குவது நூறு நூல்களைக் குவிப்பதைவிட மேல். உங்கள் மகளின் வயதினருக்கு அகராதி, அறிவியல் நூல்கள், சிறுகதைத் தொகுதிகள் ஆகியவற்றை முதலில் கேளுங்கள். கேரள அரசுப் பணித் தேர்வாணையம் பாலக்காடு, இடுக்கி போன்ற மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கென்று எழுத்தர் பணியிடங்களை அறிவித்து வந்திருப்பதால், அதற்குத் தயாராகும் இளைஞர்களுக்கான இருமொழி நூல்களையும் பட்டியலில் சேர்க்கலாம்.

தனித் தமிழ் நூலகம் தொடங்கும் எண்ணத்தை நான் ஊக்குவிக்க மாட்டேன். கட்டடம், மின்கட்டணம், நாள்தோறும் கதவைத் திறக்க ஓர் ஆள், இணைப்பு, ஆண்டறிக்கை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். ஒரு சிற்றூரில் இரண்டு நூலகம் என்றால் இரண்டும் மெலியும். அதோடு, உங்கள் மகள் கேரளத்தில்தான் வளர்கிறாள். தமிழ் அலமாரியும் மலையாள அலமாரியும் ஒரே அறையில் இருப்பது அவளுக்கு நல்லது. இருக்கும் வாயனசாலையின் பாலவேதியில் (சிறுவர் பிரிவில்) அவளையும் அவளுடைய தோழிகளையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, கேரள நூலகங்கள் சிலவற்றில் பெண் நூலகர் ஒருவர் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கும் முதியோருக்கும் நூல் வழங்கும் திட்டம் நடந்து வருகிறது. உங்கள் வாயனசாலையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாலூக்காக் கவுன்சிலில் எழுத்தில் கேட்பதோடு, அதுவரை வாரம் ஒரு முறை நூல் கொண்டு தர வனிதாவேதியில் (வாயனசாலையின் மகளிர் பிரிவில்) ஒருவரை ஏற்பாடு செய்யலாம். நூல் வாசகரைத் தேடிச் செல்வது நமக்குப் புதிதன்று: 1931-இலேயே மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார், அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். தாயாருக்கு நூல் தேர்ந்தெடுக்கும்போது எழுத்தின் அளவைப் பாருங்கள்; பெரிய எழுத்தில் அச்சான ஒரு நூல் அவருக்கு மூன்று நூலுக்குச் சமம்.

கடிதம் எழுத வேண்டிய கட்டம் வந்தால், தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். ஆனால் லைப்ரரி கவுன்சிலுக்கு எழுதும்போது மலையாளப் படி ஒன்றையும் இணைத்துவிடுவது வேலையை விரைவாக்கும். மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு காத்திருக்காது.

பொள்ளாச்சியை இடைக்கால ஏற்பாடாகக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகத்துக்குள் சென்று அமர்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினராகி வைப்புத்தொகை செலுத்த வேண்டும். முகவரிச் சான்று கேட்பார்கள் என்பதால், கேரள முகவரியோடு செல்லும் நீங்கள் முதலில் நூலகரிடம் நேரில் பேசிவிடுங்கள். பொள்ளாச்சியிலேயே வசிக்கும் உறவினர் ஒருவர் உறுப்பினராக இருந்தால் அவர் தம் பெயரில் எடுத்துத் தருவதும் உண்டு, பொறுப்பு அவருடையது என்பதை மறக்காமல் நாள் தவறாது திருப்புங்கள். கைப்பேசியில் படிக்க இயலுமானால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உட்படப் பலவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம் என்பதால் உங்கள் தாயாருக்கும் அது உதவும். பொதுயோகத்தின் தேதியை மட்டும் செயலாளரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு ஒட்டிய பிறகு சேர்ந்தால் வாக்கு கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம்.