நிறுவனம் மாறும்போது மனதைக் காத்துக்கொள்வது என்றால் ஒதுங்கியிருப்பதா?

நிறுவனத்தில் பெரிய மாற்றம் வரும்போது உணர்வு அளவில் சுதந்திரமாக இருப்பது என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அடுத்தவர் பதற்றத்தை நம்முடையதாக ஆக்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் அது. அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் (1913–1990) குடும்பங்களை ஆராய்ந்து இதைப் பேசினார்: உறவில் இருந்துகொண்டே சொந்த நிதானத்தை இழக்காத திறன். உறவை அறுத்துக்கொண்டு விலகுவதை அவர் சுதந்திரமாகக் கருதவில்லை.

அலுவலகத்திலும் அப்படித்தான். மாலை 6 மணிக்கு, 'நாளை காலை அனைவருக்கும் கூட்டம்' என்று ஒற்றை வரி மின்னஞ்சல். காரணம் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர், "ஆள் குறைக்கப் போறாங்க போல" என்கிறார். அவ்வளவுதான், வயிற்றைப் பிசைகிறது. அந்த நேரத்தில் ஒரு தாளை எடுத்து, தெரிந்தது ஒரு பக்கம், ஊகம் ஒரு பக்கம் என்று எழுதுங்கள். தெரிந்தது பெரும்பாலும் ஒரு வரியைத் தாண்டாது. அப்புறம் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்: "என் வேலையில் எது மாறும்? எப்போது தெரியும்?"

ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை போகுமோ என்ற பயம் பலவீனம் அல்ல. தகவலை மறைத்துவிட்டு ஊழியர்களைத் திடமாக இருக்கச் சொல்லும் நிர்வாகத்தை என்னால் ஏற்க முடியாது. முடிவு தெரியாவிட்டால், தெரியவரும் தேதியையாவது சொல்லட்டும்.