உடற்பயிற்சி முடித்து அலுவலகம்: உடை கசங்காமல் இருக்கச் சில கேள்வி பதில்கள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் தேய்ப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதாலும், அந்த ஆண்டுகள் முழுவதும் விடியற்காலையில் ஓடி முடித்து, வெளியிலேயே குளித்து உடைமாற்றி வேலைக்குப் போனவன் என்பதாலும், இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: தேய்த்து, மடித்து, மிகுந்த கவனத்தோடுதான் பையில் வைக்கிறேன். வெளியே எடுக்கும்போதும் சட்டை நன்றாகவே இருக்கிறது. ஆனால் குளித்து உடுத்தி அலுவலகம் சேர்வதற்குள் முதுகிலும் இடுப்பிலும் சுருங்கிவிடுகிறது. என் மடிப்பில் என்ன தவறு?

பதில்: மடிப்பில் தவறே இல்லை. ஈரம் காயாத உடம்பின் மேல் சட்டையைப் போட்டதுதான் தவறு. எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கும் மேற்பட்டவை பையைப் பற்றியவை. என் அனுபவத்திலோ பையில் கசங்கும் துணியைவிட வியர்க்கும் உடம்பில் கசங்கும் துணியே அதிகம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அச்சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துபவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் உள்ளே புகுந்ததும் அப்பிணைப்புகள் விட்டுக்கொடுக்கின்றன, சங்கிலிகள் நகர்கின்றன, ஈரம் காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகிவிடுகின்றன. இஸ்திரிப் பெட்டியின் வேலையும் இதுதான்: ஈரம், சூடு, அழுத்தம் மூன்றையும் கொடுத்துத் துணியைத் தட்டையாகக் காயவைக்கிறது. உங்கள் முதுகுக்கும் வண்டியின் இருக்கைக்கும் நடுவில் அகப்பட்ட சட்டைக்கும் அதே ஈரமும் சூடும் அழுத்தமும் கிடைக்கின்றன. அங்கே துணி தட்டையாக இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

ஆகவே பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடங்களை மெதுநடைக்கு ஒதுக்குங்கள். குளியலைச் சூடான நீரில் தொடங்கினாலும் குளிர்ந்த நீரில் முடியுங்கள். குளித்த பிறகும் உடல் சிறிது நேரம் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். துவட்டிக்கொண்டதும் வியர்வை நின்றுவிட்டதாகத் தோன்றுவதை நம்ப வேண்டாம். பத்து முதல் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். அந்த நேரத்தில் தலை வாருவது, காலணி அணிவது, பையை அடுக்குவது போன்ற வேலைகளை முடித்துக்கொண்டு சட்டையைக் கடைசியாக எடுத்துப் போடுங்கள். உள்ளே மெல்லிய பனியன் அணிந்தால் மிச்ச வியர்வையை அது முதலில் வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால், கீழே நான் எழுதுவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

கேள்வி: துணியைச் சுருட்டி வைப்பது நல்லதா, மடித்து வைப்பது நல்லதா?

பதில்: டி-ஷர்ட் போன்ற பின்னல் துணியானால் சுருட்டலாம்; தேய்த்த நெய்த சட்டையானால் மடிக்க வேண்டும். சுருட்டிய சட்டையில் கூர்மையான கோடுகள் விழாது என்பது உண்மைதான், ஆனால் உள்சுற்றும் வெளிச்சுற்றும் ஒரே அளவில் இருக்க முடியாது என்பதால் உள்பக்கத் துணி சிறு சிறு அலைகளாகச் சுருங்கிவிடும். கழுத்துப் பட்டையும் நசுங்கும்.

தொழிற்சாலையில் நாங்கள் செய்த முறையைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். முதல் பொத்தானையும், அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றையும் போட்டுக்கொண்டு, சட்டையைக் குப்புறப் போடுங்கள். ஏறக்குறைய உங்கள் பையின் அகலத்துக்கு வெட்டிய ஒரு கெட்டியான அட்டையைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, பக்கங்களை அதன் மேல் மடித்து, கைகளை நீளவாக்கில் படிய விடுங்கள். குறுக்கு மடிப்பைச் சட்டையின் நடுவில் போடாமல், கால்சட்டைக்குள் மறையும் கீழ்ப்பகுதியில் முதலில் போடுங்கள். அங்கே விழும் கோடு யார் கண்ணிலும் படாது. இரண்டாவது மடிப்பு தேவைப்பட்டால், அந்த இடத்தில் ஒரு பனியனைச் சுருட்டி வைத்து அதைச் சுற்றி மடியுங்கள். துணி வளைந்து திரும்பினால் கோடு விழாது, ஒடிந்து திரும்பினால்தான் விழும். இடைவாரைச் சுருட்டிக் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் வைத்தால் பட்டை நிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தேய்த்த சூடு ஆறுவதற்குள் சட்டையை மடிக்கக் கூடாது. இளஞ்சூடும் சிறிதளவு நீராவி ஈரமும் மிச்சமிருக்கும் துணியில் நீங்கள் போடும் மடிப்பு, இஸ்திரி போட்டதுபோலவே நிலைத்துவிடும். இரவே தேய்த்து ஹேங்கரில் மாட்டிவிட்டு, காலையில் மடியுங்கள். நேரமில்லையென்றால் கால் மணி நேரமாவது தொங்கட்டும்.

கேள்வி: சலவைக் கடையிலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையோடே மடித்து வைப்பது பயன் தருமா?

பதில்: தரும். துணியோடு துணி உரசிப் பிடித்துக்கொள்ளும்போதுதான் கசங்கல் இறுகுகிறது. வழுக்கும் உறை நடுவில் இருந்தால் மடிப்புகள் ஒரே இடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் துணி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் மிதிவண்டியில் வருகிறேன். அதுவே என் உடற்பயிற்சி. முதுகுப்பையில் வைத்த உடைகள் ஒவ்வொரு நாளும் நசுங்கியே வருகின்றன.

பதில்: முதுகுப்பை உங்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் குனிந்து மிதிக்கும்போது பையும் வளைகிறது, முதுகின் வியர்வை பைக்குள்ளும் இறங்குகிறது. முன்பு சொன்ன ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் இங்கேயும் வந்துவிட்டன. பின்சக்கரத்தின் மேலுள்ள தாங்கியில் மாட்டும் பக்கப்பைக்கு மாறுங்கள். முதுகுப்பைதான் வழி என்றால், உடையை அட்டையோடு ஒரு தட்டையான உறைக்குள் இட்டு, முதுகை ஒட்டிய பக்கத்தில் அல்லாமல் வெளிப்பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். கனமான பொருள்கள் அடியில் இருக்கட்டும்.

கேள்வி: பாலியஸ்டர் கலந்த துணி கசங்குவதில்லை என்கிறார்கள். உடற்பயிற்சிக்குப் பின் அணிய அதுவே சிறந்ததா?

பதில்: கசங்கலை மட்டும் பார்த்தால் ஆம். காற்றின் ஈரத்திலிருந்து பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு வரை உறிஞ்சிக்கொள்கிறது. பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட உறிஞ்சுவதில்லை. அதன் இழை இளகுவதற்குச் சுமார் 70 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால் உடல்சூடு அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் உறிஞ்சாத துணி, இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும் உடம்பில் ஒட்டும், வாடையையும் பிடித்துவைக்கும். பாதிக்குப் பாதி கலந்த துணி ஒரு நல்ல சமரசம் என்பது என் கருத்து. லினன் அணிகிறவர்கள் கசங்கலோடு சமாதானமாகப் போய்விடுவதே மேல். அதன் அழகே அதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கம்பளி நூலில் நெய்த மெல்லிய கால்சட்டையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கம்பளி இழைக்கு இயற்கையிலேயே சுருள் உண்டு. அழுத்தம் நீங்கியதும் அது தானாக நிமிர்ந்துகொள்ளும். ஓர் இரவு தொங்கவிட்டாலே பெரும்பாலான சுருக்கங்கள் போய்விடும்.

கேள்வி: தேய்க்கத் தேவையில்லை என்று விற்கப்படும் பருத்திச் சட்டைகளை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஒரு விலை கொடுத்து. நான் முதல் பதிலில் சொன்ன சங்கிலிகள் நகர்ந்துவிடாதபடி அவற்றுக்கிடையே வேதிப் பாலங்கள் அமைத்துவிடுகிறார்கள். இந்தத் துறையில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ரூத் பெனரிட்டோ என்னும் வேதியியலாளரின் பங்கு பெரிது. செயற்கை இழைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் பருத்தியைக் காப்பாற்றியவர் என்று அவரைப் போற்றுகிறவர்கள் உண்டு. பாலங்கள் இழையை விறைப்பாக்குவதால் துணியின் வலிமை குறைகிறது. மணிக்கட்டிலும் கழுத்திலும் மற்றச் சட்டைகளைவிட முன்னதாகவே நைந்து போகும். இந்தப் பாலங்களை அமைக்கும் பூச்சுகளில் பலவற்றில் தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் சம்பந்தப்பட்டிருப்பதால், புதிய சட்டையை ஒருமுறை அலசிவிட்டு அணிவது நல்லது.

கேள்வி: கோட்டு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. எப்படி மடிப்பது?

பதில்: முடிந்தால் மடிக்காமல் அலுவலகத்திலேயே மாட்டி வையுங்கள். மடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு தோளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மறு தோளை அதற்குள் நுழைத்து, இரண்டு தோள்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அமரும்படி நீளவாக்கில் மடியுங்கள். உள்துணி வெளியே இருப்பதால் அழுக்கும் உரசலும் அதனோடு நின்றுவிடும். பிறகு இடுப்பளவில், நடுவே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து ஒருமுறை மடித்தால் போதும். அந்தத் துண்டு உலர்ந்த துண்டாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குளித்த துண்டையே வைத்துவிட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் நான்தான்.

கேள்வி: உடை மாற்றும் இடத்தில் இஸ்திரிப் பெட்டி இல்லை. குளியலறை நீராவியில் தொங்கவிட்டால் சுருக்கம் போகுமா?

பதில்: கம்பளிக்குப் பயன்படும். பருத்திக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் நீராவியில் தளர்ந்த பருத்தியை அது காய்வதற்குள் உடுத்திக்கொண்டால் பழைய சுருக்கம் போய்ப் புதிய சுருக்கம் வந்து சேரும். அதற்குப் பதிலாகச் சுருங்கிய இடத்தில் மட்டும் கையை நனைத்துத் தடவி, துணியை இருபுறமும் இழுத்துப் பிடித்து, முடி உலர்த்தியின் காற்றைச் சற்றுத் தள்ளி நின்று செலுத்துங்கள். முழுதும் காய்ந்து ஆறும்வரை இழுத்த பிடியை விடக் கூடாது. கழுத்துப் பட்டைக்கும் பொத்தான் வரிசைக்கும் முடி நேராக்கும் கருவியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, மிகக் குறைந்த சூட்டில் வைத்துச் செய்தால் தவறில்லை. உடையின் உட்புறப் பட்டியில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரண்டு புள்ளிகளென்றால் 150, மூன்றென்றால் 200 என்பதே உச்ச அளவு. ஒற்றைப் புள்ளித் துணியின் பக்கம் அந்தக் கருவியைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: பட்டு மேற்சட்டைக்கும் தண்ணீர் தடவலாமா?

பதில்: வேண்டாம். துளி விழுந்த இடம் கறையாகத் தெரியும். பட்டுத் துணியை மடிக்காமல், அகன்ற தோள் கொண்ட ஹேங்கரில் உறையிட்டே எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நீச்சல் முடித்து வருகிறேன். நீச்சலுடையும் துண்டும் அலுவலக உடையும் ஒரே பையில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

பதில்: நீர் புகாத வாய்மூடிய உறையில் ஈரத்துணிகளை இட்டு, அதைப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். உடையை அணிந்துகொண்ட பிறகே ஈரத்துணிகளைப் பைக்குள் வைப்பது இன்னும் பாதுகாப்பு. வீடு சேரும்வரை உறைக்குள்ளேயே விட்டால் வாடை பிடிக்கும் என்பதால், அலுவலகத்தில் எங்காவது விரித்துப் போட இடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தினமும் சுமப்பதற்குப் பதிலாக ஒரு வாரத்துக்கான உடைகளை அலுவலகத்திலேயே வைத்துவிடலாமா?

பதில்: லாக்கரோ அலமாரியோ கிடைத்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். பயிற்சி இல்லாத ஒரு நாளில் ஐந்து சட்டைகளையும் ஹேங்கரோடு கொண்டுபோய் மாட்டிவிட்டு, அணிந்தவற்றை அன்றே எடுத்து வரலாம். சட்டைகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். லாக்கர் குட்டையாக இருந்தால் கால்சட்டையை ஹேங்கரின் குறுக்குக் கம்பியில் மடித்துப் போட்டு, சட்டையின் கீழ்விளிம்பு தரையில் குவியாமல் பின்பக்கமாக மேலே திருப்பி அதே ஹேங்கரில் செருகிவிடுங்கள்.