பிறகு சேர்ந்தால் போதாதா?

*வணக்கம் ஐயா. தமிழ்நாட்டில் 234 பேரில் 118 பேர் இருந்தால் ஆட்சி. எங்கட வடக்கு மாகாண சபைக்கு எத்தனை பேர் வேணும்? தமிழ்க் கட்சிகள் தனித்தனியாகக் கேட்டு வென்றுவிட்டு, பிறகு சேர்ந்தால் போதாதா?*
*வாசகர், சாவகச்சேரி*

வணக்கம்.

20 பேர். மொத்தம் 38 ஆசனம்; ஐந்து மாவட்டங்களுக்கும் 36, போனஸ் 2.

தனித்தனியாகக் கேட்டால் ஆசனம் கொட்டுண்டுவிடும் என்று மேடைகளில் சொல்வது முழுக்கச் சரியில்லை. 2013 மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கு 16 ஆசனம், அதாவது ஒன்றுக்கு 6.25%. வீட்டுச் சின்னத்துக்கு (தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு) 84.37%: முழுதாக 13, மிகுதி 3.12. வெற்றிலைக்கு (ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 14.20%: முழுதாக 2, மிகுதி 1.70. எஞ்சிய ஓர் ஆசனம் கூடிய மிகுதிக்குப் போனது, 14க்கு 2. இப்போது அந்த 84.37ஐ 50, 34.37 என்று இரண்டு கட்சிகளுக்குப் பிரித்துப் பாருங்கள். 8, 6. அதே 14தான்! கிளிநொச்சியில் இந்தக் கணக்கு ஓடாது. அங்கே 4 ஆசனம், ஒன்றுக்கு 25%. 20% எடுக்கும் கட்சி மிகுதியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில். இரண்டு போனஸும் மாகாணத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு. எத்தனை வீதத்தோடு முதலாவது என்று சட்டம் கேட்பதில்லை. 2024 பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 24.85%ஓடு முதலாவதாக வந்து, போனஸோடு ஆறில் மூன்றை எடுத்தது. மாகாண சபையில் 36இல் 18 எடுத்த கட்சிக்கும் போனஸ் சேர்ந்தால் 20 ஆகிவிடும்.

அடுத்தது ஆளுநர். ஒரே கட்சிக்குப் பாதிக்கு மேல் இருந்தால், சபையிலுள்ள அதன் தலைவரையே முதலமைச்சராக்க வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஆளுநருக்கு வேறு வழி வைக்கவில்லை. இல்லாவிட்டால், பெரும்பான்மை ஆதரவு யாருக்கு என்பது ஆளுநருடைய அபிப்பிராயம். அவரை நியமிப்பது ஜனாதிபதி. 12, 8 என்று வென்றவர்கள் பிறகு கைகோத்து 20 பேரைக் காட்டினாலும், அந்தக் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆகவே சேருவதென்றால் வேட்புமனுவுக்கு முன், ஒரே சின்னத்தில்.

இவ்வளவும் பழைய விகிதாசார முறைக்கு. மாகாண சபைத் தேர்தல் சட்டத்தின் 2017 திருத்தம், தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. அந்த ஒக்ரோபரில் வடக்கு மாகாண சபையின் காலமும் முடிந்தது. பழைய முறையில் தேர்தல் வைக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திரும்பத் திருத்த வேண்டும்.