விழுந்தாலும் அழாத குழந்தை

கேள்வி: நாங்கள் தத்தெடுத்த மகளுக்கு இப்போது இரண்டு வயது. பிறந்ததிலிருந்து குழந்தைகள் இல்லத்தில் இருந்தவள். எங்களிடம் வந்து மூன்று மாதம் ஆகிறது. யார் கூப்பிட்டாலும் போய் மடியில் உட்கார்ந்துகொள்கிறாள். கீழே விழுந்தால் அழுவதே இல்லை. இட்லித் துண்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். "சமத்துக் குழந்தை" என்கிறார் மாமியார். எனக்கென்னவோ அவள் என்னை அம்மாவாக நினைக்கவில்லை என்றே படுகிறது. பிளே ஸ்கூலில் சேர்த்தால் சரியாகிவிடுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பிளே ஸ்கூல் இப்போது வேண்டாம். அவளுக்கு இன்றைய தேவை புதிய முகங்கள் இல்லை. மாறாத ஒன்றிரண்டு முகங்கள்.

இல்லத்து ஆயாக்கள் எவ்வளவு பாசமானவர்களாக இருந்தாலும் ஷிப்ட் மாறும். காலையில் பால் கொடுத்தவர் ராத்திரி இருக்கமாட்டார். அழுதால் யார் வருவார், எப்போது வருவார் என்று தெரியாத இடத்தில் குழந்தை மெல்ல மெல்ல அழுவதை விட்டுவிடும். என் ஆலோசனை அறையில் ஒருமுறை, இப்படி இல்லத்திலிருந்து வந்த ஒரு பையன் மேஜை டிராயரில் விரலை நசுக்கிக்கொண்டான். முகம் சுருங்கியது, கண் கலங்கியது, சத்தம் வரவில்லை. இரண்டடி தள்ளி அம்மா நின்றார். அவன் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதைச் சமத்து என்று எப்படிச் சொல்வது?

எல்லோரிடமும் போவதும் இதே கதைதான். கையில் கிடைத்தவரிடம் ஒட்டிக்கொள்வது அங்கே அவளுக்கு உதவியிருக்கிறது.

இதைப் பற்றி நமக்குத் தெளிவாகத் தெரிந்ததற்கு ருமேனியக் குழந்தைகள் ஒரு முக்கியக் காரணம். 1989இல் அங்கே சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, இல்லங்களில் அடைந்துகிடந்த குழந்தைகளை உலகமே பார்த்தது. பின்னர் அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்து, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களுக்கு அறிவுத்திறனும் தேறியது, வளர்ப்பவர்களோடு உள்ள பிணைப்பும் தேறியது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். உங்கள் மகள் ஒன்றே முக்கால் வயதில் உங்கள் கைக்கு வந்திருக்கிறாள். நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறாள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: யாரிடமும் போய்விடும் பழக்கம்தான் கடைசியில் போகும், சில பிள்ளைகளிடம் வருடக்கணக்கில் தங்கும். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த ஆறு மாதத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் செய்யுங்கள். மாமியாருக்கு மனம் கோணலாம். "இவளுக்கு அம்மா யார், அப்பா யார் என்று முதலில் பிடிபடட்டும், அத்தை, அப்புறம் பாட்டியிடம் தானாக வருவாள்" என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். அதுவரை அவர் பக்கத்தில் இருந்து விளையாட்டுக் காட்டட்டும்.

விழுந்தால், அவள் அழாவிட்டாலும் ஓடிப்போய்த் தூக்குங்கள். "அச்சோ, வலிக்குதா கண்ணு? அம்மா வந்துட்டேன்" என்று தேய்த்துவிடுங்கள். நூறு முறை செய்யவேண்டியிருக்கும். ராத்திரி பக்கத்திலேயே படுக்கவையுங்கள். "விட்டுட்டுப் போயிடுவேன்", "பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்ற பேச்சு உங்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

ஒளித்துவைத்த இட்லிக்காகத் திட்டாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் அவளுக்கென்று ஒரு சின்ன டப்பா வையுங்கள். முறுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும். நறுக்கிய வாழைப்பழமோ இட்லியோ போதும். டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீராது என்று தெரிந்துவிட்டால் தலையணைக்கு அடியில் தேடவேண்டியிருக்காது.

எடை, உயரம், ரத்தசோகை, காது கேட்கும் திறன் நான்கையும் குழந்தை நல மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைச் சிறு வயதிலேயே கவனிக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். தத்தெடுத்த பின் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களைப் பார்க்க வரும் சமூகப் பணியாளரிடமும் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். பயந்துகொண்டு "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுகிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியை, வலித்தால் உங்களைத் தேடி வரத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம். முதல் வாரம் முழுக்க உங்களையும் உள்ளே உட்காரவிடும் பள்ளியாகப் பாருங்கள்.