ஆபீஸ் முடிஞ்சு சோல் கச்சேரிக்குப் போலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

"அக்கா, நான் பாளையங்கோட்டை. பாம்பே வந்து மூணு மாசம் ஆகுது, பிகேசில (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்) வேலை, செம்பூர்ல பிஜில தங்கியிருக்கேன். வியாழக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு லோயர் பரேல்ல ஏதோ சோல் மியூசிக் லைவ் ஷோவாம், டீம்ல எல்லாரும் கூப்பிடுறாங்க. எனக்கு அந்தப் பாட்டு எதுவும் தெரியாது, குடிக்கவும் மாட்டேன், இந்தியும் தட்டுத்தடுமாறித்தான் வருது. போனா ஒரு ஓரமா முழிச்சிட்டு நிப்பேனோன்னு இருக்கு. என்ன போட்டுட்டுப் போறது, ராத்திரி எப்படித் திரும்புறது, போகலாமா வேணாமா?"ன்னு கேட்டிருந்த.

போ. மொதல்ல அதச் சொல்லிடுறேன், மத்ததெல்லாம் பொறவு. சோல்னா அமெரிக்கக் கருப்பின மக்களோட ஒரு பாட்டு வகை.

நான் நாசரேத்துக்காரி, 2008ல இங்க வந்தேன். மொத ரெண்டு வருஷம் என் வாழ்க்கை ஆபீஸ், ஹாஸ்டல், ஞாயித்துக்கிழமை சர்ச், எப்பயாச்சும் மாட்டுங்கால ஒரு மசால் தோசை, அவ்ளோதான், ஊருக்குப் போன் பண்ணி அழுறது தனிக்கணக்கு. 2010ல ஒரு நாள் கூட வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி என்னைய இழுத்துக்கிட்டுப் போனா, அப்ப லோயர் பரேல்ல மதுராதாஸ் மில் காம்பவுண்டுக்குள்ள ப்ளூ ஃப்ராக்னு ஒரு இடம் இருந்துச்சு, 2016ல மூடிட்டாங்க, நீ பாத்திருக்க மாட்ட. கெளம்புறதுக்கு முந்தி அம்மாவுக்குப் போன் போட்டு "சோல் ப்ரோகிராம் போறேம்மா"ன்னேன். "சோலாப்பூரா? ராத்திரி நேரத்துல அவ்ளோ தூரம் எதுக்குட்டி போற?"ன்னு கேட்டாங்க. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல வர்றப்போ சோலாப்பூர் தாண்டித்தான் அவங்களுக்கு மகாராஷ்டிரான்னே தெரியும், பாவம். அதுக்கப்புறம் நானும் திருத்தல, சோலாப்பூர்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

உள்ள போனா நீ சொன்ன அதே நெலமதான். ஒரு ஃப்ரெஷ் லைம் சோடாவக் கையில பிடிச்சிட்டு செவத்தோட செவமா நின்னேன். டிக்கெட்ல போட்ட நேரத்துக்கு ஒண்ணும் ஆரம்பிக்கல, எங்கயும் ஆரம்பிக்க மாட்டாங்க, அத இப்பவே மனசுல வச்சுக்கோ. அப்புறம் பேண்ட் ஏறுச்சு, ட்ரம்ஸ், பேஸ், கீபோர்டு, ட்ரம்பெட் ஒண்ணு சாக்ஸபோன் ஒண்ணு, பின்னால ரெண்டு பொண்ணுங்க. பாடுற அம்மா ஒரு வரி சொல்லி நிறுத்துறாங்க, பின்னால இருக்குற ரெண்டு பேரும் அதுக்குப் பதில் சொல்றாங்க, திரும்ப அதே வரிய கொஞ்சம் ஏத்திச் சொல்றாங்க, இப்ப கூட்டம் பதில் சொல்லுது, அவங்க பாட்டையே விட்டுட்டுப் பேச ஆரம்பிச்சு, பேச்சு அப்படியே திரும்பப் பாட்டாகி... எனக்குக் கையில மயிரு சிலிர்த்துருச்சு. ஏன்னா இது எனக்குத் தெரியும்! எங்க ஊரு கன்வென்ஷன் பந்தல்ல ஐயரு ஒரு வசனத்தச் சொல்லி நிறுத்துவாரு, சனம் பூரா அல்லேலூயான்னு திருப்பிக் குடுக்கும், ரெண்டாம் தடவ இன்னும் ஓங்கிச் சொல்லுவாரு, அதேதான். (சிஎஸ்ஐல குருவானவரத்தான் ஐயருன்னு சொல்லுவோம், வேற ஐயர் இல்ல, பாளையங்கோட்டைக்காரிக்கு இதச் சொல்லவே வேணாம்.) நீ இந்து வீட்டுப் பொண்ணா இருந்தா பஜனைய நெனச்சுக்கோ, பாகவதர் ஒரு வரி, கோஷ்டி ஒரு வரி.

பொறவுதான் தேடிப் படிச்சேன், சோல் பாட்டு வந்ததே சர்ச்சுலேருந்துதான். அமெரிக்காவுல கருப்பின மக்களோட சர்ச்சுப் பாட்டத்தான் எடுத்து காதலுக்கும் கஷ்டத்துக்கும் பாடுனாங்க. ரே சார்ல்ஸ்னு கண்ணு தெரியாத பாடகர், 1954ல ஒரு சர்ச்சுப் பாட்டு மெட்டுல ஒரு பொண்ணப் பத்திப் பாடிட்டாரு, சாமிக்குப் பாடுறத பொம்பளைக்குப் பாடுறியான்னு ஊரே திட்டுச்சு. எங்கப்பா சபையில கமிட்டி மெம்பர், அவரு கேட்டாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு. அரீத்தா ஃப்ராங்க்ளின்னு சோல்ல பெரிய பாடகி, அவங்கப்பா டெட்ராய்ட்ல பெரிய போதகர், அந்தம்மா சின்ன வயசுலேருந்து அந்த சபையில பாடி வளந்தவங்க. அதனால பாட்டு தெரியாதுன்னு பயப்படாத, வரி ரொம்ப இருக்காது, இருக்குற நாலு வரியத்தான் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி கெஞ்சுவாங்க, கோவப்படுவாங்க, சிரிப்பாங்க.

ஒரே ஒரு பாட்டு மட்டும் முன்னாடியே கேட்டுட்டுப் போ, ரெஸ்பெக்ட். எந்த பேண்டா இருந்தாலும் அனேகமா அத எடுப்பாங்க. அத 1965ல எழுதிப் பாடுனது ஓடிஸ் ரெட்டிங், வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வர்ற புருஷன் பொண்டாட்டிகிட்ட மரியாதை கேக்குற பாட்டு. 1967ல அரீத்தா அதத் திருப்பிப் போட்டுட்டாங்க, இப்ப மரியாதை கேக்குறது பொம்பள. அந்த வார்த்தைய எழுத்துக்கூட்டிச் சொல்ற எடம் அவங்க சேத்ததுதான், ஓடிஸ் பாட்டுல அது கெடையாது. அந்த எடம் வர்றப்போ மொத்த ஹாலும் கத்தும், நீயும் கத்து, அன்னிக்கு மத்தியானம் மேனேஜர் உன்னைய என்ன சொன்னாரோ அத நெனச்சுக்கிட்டுக் கத்து.

அப்புறம் கைதட்டு. இதுல நான் அசிங்கப்பட்டேன், அதனால சொல்றேன். நமக்கு தாளம்னா மொத அடியிலதான் கை விழும், அதுல ஊறிப்போயிருக்கோம். அவங்க நாலு எண்ணிக்கைல ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் தட்டுவாங்க. நான் பாட்டுக்கு ஒண்ணு, மூணுன்னு தட்டிட்டு இருக்கேன், பக்கத்துல ஒரு கோவாக்கார அங்கிள், எழுபது வயசிருக்கும், மெதுவா என் கையப் பிடிச்சு நிறுத்தி, ஒண்ணு விட்டு, இப்போ, ஒண்ணு விட்டு, இப்போன்னு சொல்லிக் குடுத்தாரு. அந்தக் காலத்துல பாம்பேல ஹோட்டல் ஹோட்டலா ஜாஸ் வாசிச்சதும் கோவாக்காரங்கதான், இந்திப் படப் பாட்டுக்கு ட்ரம்பெட் ஊதுனதும் அவங்கதான், சிக் சாக்லேட்னு ஒருத்தரு ரெண்டுலயும் பேர் போனவரு. அந்தச் சரித்திரத்துல எனக்கும் ஒரு கைதட்டு பாடம் கெடச்சுதுன்னு வச்சுக்கோயேன்.

உனக்கு இன்னொண்ணு சொல்லணும், மூணு மாசந்தான் ஆகுதுன்ன இல்ல. இது பணக்காரப் பசங்க கேக்குற பாட்டு, நாம நடுவுல போய் என்ன பண்றதுன்னு தோணும், டிக்கெட் வெலையும் மெனு கார்டும் பாத்தா அப்படித்தான் இருக்கும், அது உண்மதான். ஆனா பாட்டு அவங்களோடது இல்ல. பருத்திக்காடும் அடக்குமுறையும் இருந்த அமெரிக்காவோட தெக்கத்தி மாநிலங்கள்லேருந்து லட்சக்கணக்குல கருப்பின சனம் வேலை தேடி வடக்க டெட்ராய்ட், சிகாகோன்னு ரயிலேறிப் போனாங்க, கார் கம்பெனில சேந்தாங்க, கூடவே சபைப் பாட்டையும் கொண்டுபோனாங்க. தெக்கேருந்து வடக்க வேலைக்குப் போனவங்க, நம்மள மாதிரியே! மோட்டவுன்னு பாட்டு ரெக்கார்டு கம்பெனிய ஆரம்பிச்ச பெர்ரி கோர்டியும் அப்படி ஜார்ஜியாவுலேருந்து போன குடும்பந்தான், கார் ஃபேக்டரி லைன்ல வேலை பாத்தவரு, 1959ல வீட்டு ஆளுங்ககிட்ட 800 டாலர் கடன் வாங்கித்தான் ஆரம்பிச்சாரு, பாட்டையும் கார் மாதிரி ஒவ்வொரு மேசையாத் தள்ளித் தயாரிக்கலாம்னு அவருக்கு யோசனை வந்ததே அந்த லைன்ல நின்னதாலதானாம். எனக்கு ரொம்பப் பிடிச்சவரு பில் விதர்ஸ்னு ஒரு சோல் பாடகர், விமானத்துக்கு டாய்லெட் செய்யுற ஃபேக்டரில வேலை பாத்தாரு, 1971ல மொத ஆல்பம் வந்தப்பவும் வேலைய விடல, பாட்டு இன்னிக்கு இருக்கும் நாளைக்குப் போகும்னு. அந்த ஆல்பம் அட்டைல ஃபேக்டரி செவத்துல சாஞ்சு கையில டிபன் டப்பாவோட நிக்குறாரு. அந்தப் படத்த ஒரு தடவ தேடிப் பாரு, நம்ம சர்ச்கேட் ஸ்டேஷன்ல நிக்குற எவனோ மாதிரியே இருப்பாரு.

நீ போற லோயர் பரேல் மட்டும் என்ன, அந்த ஏரியா பூரா துணி மில்லு. 1982 ஜனவரில ரெண்டரை லட்சம் தொழிலாளிங்க ஸ்ட்ரைக்ல எறங்கி, அதுக்கப்புறம் மில்லுங்க எந்திரிக்கவே இல்ல. அந்தக் கொட்டகைங்கதான் இப்ப பாரு, ஆபீஸு, மால்னு ஆகிக் கெடக்கு. வாசல்ல பழைய புகைபோக்கி தெரிஞ்சா ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போ.

சரி, வேலைக்கு வர்றேன். ட்ரெஸ்ஸு, ஆபீஸுக்குப் போட்டது எதுவோ அதுவே போதும். சுடிதாரா, சுடிதார். நம்ம உஷா உதுப் பாம்பேல பொறந்த தமிழ்ப்பொண்ணு, 1969ல மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுல நைட் கிளப்ல பாட ஆரம்பிச்சப்போ பட்டுப்புடவையும் பூவுமாத்தான் நின்னாங்க, யாரும் எந்திரிச்சுப் போகல. செருப்பு மட்டும் தட்டையாப் போடு, ரெண்டு மணி நேரம் நிக்கணும், கூட்டத்துல எவனாச்சும் மிதிப்பான். ஸ்பீக்கர் முன்னாடி நிக்காத, சவுண்ட் மிக்ஸ் பண்றவரு நிக்குற எடத்துக்குப் பக்கத்துல நின்னா பாட்டும் நல்லாக் கேக்கும், காதும் பொழைக்கும்.

குடிக்க மாட்டேன்னா மாட்டேன்தான், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, கேட்டா ஒரு லைம் சோடாவக் காட்டு. மகாராஷ்டிராவுல பீருக்கே 21 வயசு ஆகணும், விஸ்கி, ரம் மாதிரி சரக்குக்கு 25, அதனால வாசல்ல ஆதார் கேப்பான், எடுத்துட்டுப் போ. சாப்பாடு வெளிய முடிச்சிடு, உள்ள நாலு உருளைக்கெழங்கு வறுவலுக்கு உன் ரெண்டு நாள் மெஸ் காசு போயிடும். பில்ல சமமாப் பிரிக்கலாம்னு டீம்ல எவனாச்சும் ஆரம்பிப்பான், வெக்கப்படாம மொதல்லயே உன்னோடத தனியாச் சொல்லிடு, நான் வெக்கப்பட்டு மாசக்கடைசில அஞ்சு பேரு குடிச்சதுக்குக் காசு குடுத்தவ. இந்தி பத்திக் கவலையே வேணாம், அந்தச் சத்தத்துல எந்த மொழியும் காதுல விழாது.

இப்ப ட்ரெயின், இத நல்லாக் கேட்டுக்கோ. போறப்போ பாந்த்ரா ஸ்டேஷன் வந்து ஸ்லோ வண்டி ஏறு, ஃபாஸ்ட் லோயர் பரேல்ல நிக்காது, பேசிக்கிட்டே ஏறுனா மும்பை சென்ட்ரல்ல போயிதான் எறங்குவ. திரும்புறப்போ லோயர் பரேல் வேணாம், நடக்குற தூரத்துல கரி ரோடு ஸ்டேஷன் இருக்கு, அங்கேருந்து குர்லா, குர்லால ஹார்பர் லைன் மாறிச் செம்பூர். பேருக்கு நடுராத்திரி தாண்டியும் வண்டி இருக்கும், ஆனா உனக்கு முக்கியம் கரி ரோடு வண்டி இல்ல, குர்லால உள்ள கடைசி ஹார்பர் வண்டி. அத எம்-இண்டிகேட்டர்ங்குற ட்ரெயின் டைம் ஆப்ல பாத்து, அதுக்கு முந்துன வண்டிதான் உன்னோட கடைசி வண்டின்னு முடிவு பண்ணிக்கோ. லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஏறு, ராத்திரி போலீஸோ ஹோம்கார்டோ நிப்பாங்க, இல்லேன்னா நாலு பொண்ணுங்க இருக்குற பெட்டியாப் பாத்து ஏறு. பாட்டு நல்லாப் போயிட்டு இருக்கும், இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு தோணும், நான் அப்படி நின்னுதான் வண்டிய விட்டேன். வெளிய வந்து ஆட்டோ தேடுறேன், ஆட்டோவே இல்ல, அப்புறந்தான் தெரிஞ்சுது சயன், பாந்த்ராவுக்குத் தெக்க ஆட்டோவுக்கே அனுமதி கெடையாதாம்! கடைசில அதே ஷோவுக்கு வந்திருந்த ரெண்டு பொண்ணுங்க கூட காலி பீலி (கருப்பு மஞ்சள்) டாக்ஸில தொத்திக்கிட்டுப் போனேன். ராத்திரி 12லேருந்து காலைல 5 வரைக்கும் மீட்டருக்கு மேல 25 சதவீதம் கூட, அது ஏமாத்து இல்ல, கணக்குதான், சண்டை போடாத. இப்ப ஆப்ல கார் கூப்பிடலாம், டீம்ல யாராச்சும் செம்பூர், கோவண்டி, வாஷி பக்கம் இருக்காங்களான்னு சாயந்திரமே கேட்டு வச்சுக்கோ. பிஜில கேட் எத்தன மணிக்குப் பூட்டுவாங்கன்னும் கேட்டுக்கோ, நெறைய பேரு மறக்குறது அதத்தான்.

ஒருவேள இந்த நிக்குற கூட்டம் உனக்கு ஒத்துவரலேன்னா பாட்டையே விட்டுராத. நரிமன் பாயிண்ட்ல என்சிபிஏன்னு பெரிய கலை அரங்கம் இருக்கு, சீட்டுல ஒக்காந்து கேக்கலாம், சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பாங்க, சீக்கிரம் விட்டுருவாங்க. இப்ப பிகேசிலேருந்து மெட்ரோ 3 நேரா அந்தப் பக்கம் போகுது, விதான் பவன்ல எறங்கணும், எங்க காலத்துல இதெல்லாம் கனவு. ஆனா அங்க எழுந்து ஆடுனா பின்சீட்டு மாமி மொறைப்பாங்க.

கடைசியா ஒண்ணு, மதியச் சாப்பாட்டு டப்பாவ ஆபீஸ் டிராயர்லயே வச்சுட்டுப் போ. வெளிச் சாப்பாடு கூடாதுன்னு வாசல்ல செக்யூரிட்டி பையத் தொறந்து டப்பாவையும் தொறந்து காட்டச் சொல்லுவான். 2010ல எனக்குப் பின்னால சென்ட் அடிச்சிட்டு முப்பது பேரு லைன்ல நிக்குறாங்க, என் டப்பாவுல மிச்சம் இருந்தது கருவாட்டுக் கொழம்பு.