வாசகர் கேள்வி – வாத்தியார் பதில்: 'போரடித்தது' என்று எழுதலாமா?

கேள்வி: சார், நான் பதினோராம் வகுப்பு. இந்த வருடம் எங்களுக்கு மூன்று ஆங்கில நாவல்கள்: 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 'ஃபிராங்கன்ஸ்டைன்'. முதலாவது ஒரே இழுவை. டிக்கன்ஸுக்கு வார்த்தைக் கணக்கில் காசு, அதனால்தான் வளர்த்தினார் என்கிறாள் என் தோழி. இரண்டாவதில் கல்யாணப் பேச்சைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவது மட்டும் பிடித்தது, அதுவும் பாதியிலிருந்து. இப்போது 'உங்கள் எண்ணங்களை எழுதுக' என்கிறார்கள். இதையே எழுதினால் மார்க் போய்விடுமா?
– ஒரு மாணவி

பதில்: முதலில் உன் தோழியின் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவோம். டிக்கன்ஸ் பணம் வாங்கியது தவணைக் கணக்கில், வார்த்தைக் கணக்கில் இல்லை. இந்த நாவல் வந்ததோ அவரே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில். அப்போது அதில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவரின் தொடர் எடுபடவில்லை, விற்பனை சரிந்தது. மாதத் தவணைகளாக எழுத நினைத்திருந்த கதையை அவசரமாக வாரத் தொடராக்கி, 1860 டிசம்பரில் ஆரம்பித்து 1861 ஆகஸ்டில் முடித்தார். மொத்தம் 36 வாரம். நீ அதைப் பரீட்சைக்கு முன்னால் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்திருப்பாய். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், இரண்டு அத்தியாயம் என்று ஆறப்போட்டுப் படிக்க எழுதியதை அப்படி விழுங்கினால் இழுவையாகத்தானம்மா இருக்கும்.

வர்ணனையைத் தாண்டிப் போனாயா? போயிருப்பாய், எல்லாரும் போவார்கள். எட்டாம் அத்தியாயத்துக்கு மட்டும் ஒருமுறை திரும்பிப் போ. மிஸ் ஹவிஷாமின் அறை. பழுப்பேறிய கல்யாண உடையில் கிழவி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலில்தான் செருப்பு, இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல். கடிகாரங்கள் எட்டு நாற்பதில் நிற்கின்றன. சும்மா அலங்காரத்துக்காக எழுதியது என்று தோன்றும். 22ஆம் அத்தியாயத்தில்தான் கதாநாயகனின் நண்பன் ஹெர்பர்ட் விஷயத்தைச் சொல்கிறான்: கல்யாணத்தன்று அவள் உடுத்திக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை கைவிட்டுவிட்டதாகச் சொல்லும் கடிதம் வந்த நேரம் அது. இரண்டாவது செருப்பை மாட்டுவதற்குள் வந்துவிட்டது. டிக்கன்ஸ் இதை எங்கேயும் விளக்கு போட்டுக் காட்டவில்லை. செருப்பைக் கவனிக்காமல் போனவருக்கு அந்தக் கடிதம் வெறும் தகவல்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை. வீடும் நிலமும் சட்டப்படி காலின்ஸ் என்ற தூரத்து உறவுக்காரருக்குப் போகும். அப்பா கண்ணை மூடினால் இவர்கள் கதி என்ன? அந்தப் பெண்களின் அம்மா கத்துவது சிரிப்பாக இருக்கலாம், பயம் நிஜம். எனக்கு அந்த நாவலில் கதாநாயகி எலிசபெத்தைவிட அவள் தோழி ஷார்லட் மேல்தான் கண். வயது 27. எலிசபெத் வேண்டாமென்ற அதே காலின்ஸை மூன்றே நாளுக்குள் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறாள். பிறகு அவள் வீட்டுக்கு எலிசபெத் போகிறாள். நல்ல, வசதியான சாப்பாட்டு அறை இருக்க, ஷார்லட் ஏன் பின்பக்க அறையில் உட்கார்கிறாள் என்று முதலில் புரிவதில்லை. முன்பக்கத்து அறையில் கணவர் இருந்துகொண்டு வீதியில் போகிற வண்டிகளைப் பார்க்கிறார். பின்பக்க அறையிலிருந்து அதெல்லாம் தெரியாது. அதனால் அவர் அடிக்கடி அங்கே எட்டிப் பார்க்கமாட்டார்! ஒரு கல்யாணத்தின் மொத்த நிலவரமும் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ஒன்றுமில்லை என்கிறாயே.

ஃபிராங்கன்ஸ்டைனில் உனக்குப் பிடித்த 'பாதி' எதுவென்று என்னால் சொல்ல முடியும். ஃபிராங்கன்ஸ்டைன் உண்டாக்கிய அந்தப் பிராணி தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பிக்கிற இடம்தானே? மேரி ஷெல்லி 1816இல் அதை எழுதத் தொடங்கியபோது வயது 18. உன்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவள். 1818இல் அச்சானபோது புத்தகத்தில் பெயர்கூட இல்லை. நாவலின் ஆரம்பத்தில் நீ தாண்டிய அந்தக் கடிதங்களை இப்போது படி. வட துருவம் தேடிப் போகிற வால்டன், தனக்கு ஒரு நண்பன் இல்லையே என்று அக்காவிடம் புலம்புகிறான். நடுவில் அந்தப் பிராணி கேட்பதும் துணைதான்.

மார்க் விஷயம். வருடக்கணக்கில் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: 'காலத்தால் அழியாத படைப்பு' என்று ஆரம்பிக்கிற தாளைப் பார்த்தாலே பேனாவுக்குத் தூக்கம் வந்துவிடும். போரடித்தது என்று தாராளமாக எழுது. எந்த அத்தியாயத்தில், யார் பேசும்போது, எதை எதிர்பார்த்து ஏமாந்தாய் என்பதையும் சேர்த்து எழுது. அதற்கு மார்க் குறைக்கிற ஆசிரியர் இருந்தால் அது அவர் பாடு.

கேள்வி: என் மகன் நாவலைப் படிக்காமல் படத்தைப் பார்த்தே சமாளிக்கிறான். விட்டுவிடலாமா?
– ஒரு தாய்

பதில்: படித்த பிறகு பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் 1931இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் அந்தப் பிராணி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாது. நாவலிலோ ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்துவிட்டு, உண்டாக்கியவனிடமே நியாயம் கேட்கும். பரீட்சையில் இதையே கேட்டுவைத்தால் உங்கள் பையன் என்ன எழுதுவான்?

கேள்வி: எது கிளாசிக் என்று யார் முடிவு செய்கிறார்கள்?
– இன்னொரு மாணவர்

பதில்: எழுதியவர் இல்லை, அது மட்டும் நிச்சயம். 'மோபி டிக்' வந்தது 1851இல். அதை எழுதிய மெல்வில் 1891இல் இறந்தபோது அதைச் சீந்துவாரில்லை. 1920களில்தான் விமர்சகர்கள் தூசு தட்டி எடுத்தார்கள். அதில் திமிங்கிலங்களைப் புத்தக அளவுகளின் பெயரில் வகை பிரிக்கிற ஓர் அத்தியாயம் உண்டு. மேலே எழுதியிருக்கும் மாணவிக்கு அதைப் பாடமாக வைக்கவில்லை. தப்பித்தாள்.