பணக்காரரிடம் கூடுதல் விகிதத்தில் வரி கேட்பது நியாயமா?

எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பதுதானே சமநீதி, கூடுதலாகச் சம்பாதிப்பவரிடம் கூடுதல் விகிதத்தில் வரி கேட்பது உழைப்புக்குத் தரும் தண்டனை ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுக்கு முறை வருமான வரியில் உயர்ந்த விகிதம், வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டுமே பொருந்தும். வரம்புக்கு உட்பட்ட பகுதிக்குச் செல்வரும் மற்றவர்கள் கட்டும் அதே வரியைத்தான் கட்டுகிறார். ஆனால் கேள்வியின் மையம் வருமான வரியில் மட்டும் இல்லை. ஒரு சோப்புக் கட்டியின் விலையில் அடங்கிய வரி, அதை வாங்குபவர் யாராயினும் ஒன்றே. குறைந்த வருமானக்காரர் கைக்கு வருவதில் பெரும்பகுதியையும் செலவழித்தே வாழ வேண்டியிருப்பதால், மறைமுக வரி அவருடைய வருமானத்தின் பெரும்பகுதியைத் தொட்டுவிடுகிறது. செல்வரோ வருமானத்தில் ஒரு பகுதியை மட்டும் செலவழித்து, மீதியைச் சேமிப்பிலும் முதலீட்டிலும் வைக்கிறார். ஒரே விகிதம் வேண்டும் என்பவர்கள் இந்தச் சுமையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நான் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பணியில் இருப்பவன். வரிப் பிடித்தம் போக மிஞ்சியதுதான் ஊழியரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கட்டலாமா, தள்ளிப்போடலாமா என்று யோசிக்க அவருக்கு இடமே இல்லை. பெரும் செல்வம் அப்படி வளர்வதில்லை. பங்குகளின் மதிப்பு பத்து மடங்கு உயர்ந்தாலும், விற்காத வரை பெரும்பாலான நாடுகளில் அது வருமானமாகக் கருதப்படுவதில்லை. பணம் தேவைப்பட்டால் அந்தப் பங்குகளை ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம். கடனுக்கு வருமான வரி கிடையாது. அமெரிக்காவில் உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசின் கணக்கில் அன்றைய மதிப்பே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளப்படுவதால், அதுவரை சேர்ந்த ஆதாயம் வருமான வரியிலிருந்து ஒரேயடியாகத் தப்பிவிடுகிறது. உலகின் பெரும் செல்வர்களில் ஒருவரான வாரன் பஃபெட், வரிக்குரிய தம் வருமானத்தில் 17.4 சதவீதமே வரியாகச் செலுத்தியதாகவும், தம் அலுவலகத்தில் பணிபுரியும் மற்றவர்கள் சராசரியாக 36 சதவீதம் செலுத்தியதாகவும் 2011இல் தாமே எழுதினார். தண்டனை என்ற சொல் இங்கே யாருக்குப் பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதிக வரி விதித்தால் மூலதனம் நாட்டை விட்டு வெளியேறிவிடும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. சுவீடன் 2007இல் செல்வ வரியை, அதாவது ஒருவரின் சொத்து மதிப்பின் மீதே விதிக்கும் வரியை, கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். விகிதத்தை உயர்த்துவது மட்டுமே தீர்வு என்றும் நான் நம்பவில்லை. 1944இல் அமெரிக்காவின் உச்ச வருமான வரி விகிதம் 94 சதவீதமாக இருந்தது, ஆனால் அவ்வளவு வரி தம் வருமானத்தின் பெரும்பகுதிக்குச் செலுத்தியவர்கள் மிகச் சிலரே. விகிதத்தை மட்டும் ஏற்றினால், மாதச் சம்பளம் வாங்கும் மருத்துவரும் பொறியாளரும்தான் முதலில் அகப்படுவார்கள். சொத்தின் வளர்ச்சியால் வாழ்பவரை அது எட்டாது.

ஆகவே, சொத்தை விற்றுக் கிடைக்கும் லாபமான மூலதன ஆதாயத்துக்கும் உழைப்பின் ஊதியத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், தலைமுறை மாறும்போது ஆதாயம் கணக்கிலிருந்து மறையக் கூடாது என்ற இரண்டையும்தான் நான் முதலில் கேட்பேன். இரண்டாவதற்குக் கனடாவில் வழி இருக்கிறது: ஒருவர் இறக்கும்போது அவருடைய சொத்துகள் அன்றைய சந்தை மதிப்பில் விற்கப்பட்டதாகக் கருதி அங்கே வரி கணக்கிடுகிறார்கள், வாழ்க்கைத் துணைக்குச் செல்லும் சொத்துக்குப் பொதுவாக அது தள்ளிவைக்கப்படுகிறது.